சர்க்கார் வேலை என்றுதான் சொன்னேன்

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் புகைவீட்டில் என்னோடு நின்ற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கும் சிலோனில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைதான். பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், நான் இப்போது மகனோடு இருக்கிற, போர்ட் பிளேர் பக்கத்துப் புரோத்ராபூரில் நுரையீரல் முகாம் போட்டார்கள். நெஞ்சில் புற்று இருந்தால், நோய் தன்னைக் காட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிப்பதற்காம். ஸ்கேன் எந்திரம் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. எல்லோருக்கும் எடுக்க முடியாது என்பதால் மேசை போட்டுக் கேள்வி கேட்டு, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தார்கள்.

நான் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்த சிஸ்டர் தெலுங்குப் பெண். இந்த ஊரில் தெலுங்கும் தமிழும் சந்தித்தால் ஹிந்தியில்தான் பேசிக்கொள்ளும்.

“அம்மா, பீடி? சிகரெட்?”

“சீ! கபி நஹி,” என்றேன். ஒருக்காலும் கிடையாது.

வீட்டுக்காரர் பிடிப்பாரா என்று கேட்டாள். அவர் வெற்றிலை போடுவார், அவர் போய்ச் சேர்ந்தே ஒன்பது வருஷம் ஆகிறது என்றேன். அப்புறம் என்ன வேலை செய்தீர்கள் என்றாள்.

“சர்க்காரி நௌக்ரி. ரிட்டையர்.”

இது பொய் இல்லை. தோட்டம் சர்க்காருடையது. சிலோன் தோட்டத்து லயத்தில் பிறந்து, கப்பலில் கொண்டுவந்து கச்சாலில் இறக்கப்பட்டு, சர்க்கார் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் ஏறிய நாள் முதல் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கல்யாணப் பேச்சில் சொல்வோம், பாங்கில் சொல்வோம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சொல்வோம். சர்க்காரில் என்ன வேலை என்று யாரும் தோண்டிக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நாங்கள் முகத்தை வைத்துக்கொண்டதும் இல்லை.

சிஸ்டர் காகிதத்தில் கோடு போட்டு, உங்களுக்கு ஸ்கேன் வேண்டாம் அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்றாள். எனக்குப் பின்னால் நின்ற பெங்காலிக்காரர் பீடி குடித்ததை ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்தபடி சீட்டு வாங்கினார். நான் பரீட்சை பாஸான மாதிரி நடந்து வந்தேன்.

மருமகள் ரூப்பா வாசலிலேயே நின்றாள். அவளும் பெங்காலிதான். என் மகனைக் கட்டிப் பதினாறு வருஷத்தில் தமிழ் நன்றாகப் பேசுவாள், நடுநடுவே ஹிந்தி விழும்.

“மா, உங்க இருமல் பத்தி போலா க்யா? சொன்னீங்களா?”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு.”

“அரே, கேக்காம சொன்னா வாய் வலிக்குமா?”

அந்த இருமல் ரொம்ப நாளாக என்னோடு இருந்தது. அதை நான் நோய் என்று எண்ணவில்லை. எங்கள் புகைவீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது உண்டு. இருட்டில் இருமலை வைத்தே யார் வருகிறாள் என்று சொல்லிவிடுவோம்.

நோய் வெளியே வந்தது மீன் மார்க்கெட் படிக்கட்டில். வழுக்கி விழுந்து விலாவில் அடி. எலும்பு முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால், இடது நுரையீரலின் அடியில் ஒரு நிழல் இருந்தது. நிழல் என்னவென்று பார்க்க ஸ்கேன். ஸ்கேனில் கட்டி தெரிந்ததும், முதுகு வழியாக நீள ஊசி விட்டுக் கட்டியிலிருந்து துளிச் சதை எடுத்தார்கள். அதற்கு பயாப்ஸி என்று பெயர். மரத்துப்போகிற மருந்து போடுவதால் வலி பெரிதில்லை. மூச்சை அடக்கி அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் சிரமம். சதையை மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். பதில் வர மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் நான் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களே அதிகம். இருமினால் எதிரில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரூப்பா மட்டும் இன்னும் ஒட்டி உட்காருவாள். தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவாள். எங்கள் ஆட்களின் ரொட்டி அது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, என் கையைப் பார்த்தே பழகியிருக்கிறாள். அந்தப் பெஞ்சில்தான் எனக்கு அது தெரிந்தது.

பதில் வந்த அன்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண், கேரளத்துக்காரி. தமிழ் பேசுவார்.

“அம்மே, உங்ககிட்ட சொல்லட்டா, மகன்கிட்ட சொல்லட்டா?”

“நெஞ்சு என்னுது. என்கிட்ட சொல்லு.”

சொன்னார். புற்றுதான். எலுமிச்சங்காய் அளவு. வேறு இடத்துக்குப் பரவவில்லை, வெட்டி எடுக்கலாம் என்றார். மகன் தனபாலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்.

“நான் பீடியக் கையால தொட்டதில்ல. இது பீடிக்காரன் நோய். காகிதம் மாறிப் போயிருக்கும், பாருங்க.”

“மாறல அம்மே. பீடி குடிக்காதவங்களுக்கும் வரும். நீங்க என்ன வேலை பண்ணினீங்க?”

“சர்க்கார் வேலை.”

டாக்டர் அதை எழுதப் போனார். அப்போதுதான் ரூப்பா வாயைத் திறந்தாள். “டாக்டர் மேடம், ஆபீஸ் இல்ல. கச்சால்ல ரப்பர் ஸ்மோக் ஹவுஸ்.”

எல்லார் முன்னாலும் என்னைக் கீழே இறக்கிவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ சும்மா இரு,” என்றேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

“அம்மே, அங்க காலைல போனதிலிருந்து சாயந்திரம் வரை கையால என்ன பண்ணுவீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நிற்காது. மரத்துப் பாலை ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைப்பதிலிருந்து ஆரம்பித்தேன். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கினால் வெள்ளை வெளேரென்று துணி மாதிரி வரும். அதற்கு ஷீட் என்று பெயர். ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி, நாலைந்து நாள் புகை காட்ட வேண்டும். சுவாலை வரக்கூடாது. வந்தால் ஷீட் கொப்பளித்துவிடும். பச்சை விறகு வைத்துப் புகையாகவே ஓட்ட வேண்டும். தினமும் உள்ளே போய் ஒவ்வொரு ஷீட்டையும் திருப்பிப் போட வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, கழி கழியாக நடப்போம். உள்ளே நுழைந்ததும், என் பக்கத்தில் நிற்கிற பாக்கியம், “இன்னைக்கி யாரு புருஷன் அடிச்சான், இப்பிடி அழுவுறீங்க?” என்பாள். எல்லார் கண்ணிலும் தண்ணீர் ஓடும், எல்லாரும் சிரிப்போம். கணப்பில் மரவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைப்போம். மத்தியானம் தோலை உரித்தால் வரும் வாசனைக்கு மேனேஜர் சாகிபே வந்து நிற்பார். ஐந்தாம் நாள் ஷீட்டை எடுத்து வெயிலில் பிடித்தால் தேன் மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். ஒரு வெள்ளைப் புள்ளி இருக்காது. என் வரிசை ஷீட் எப்போதும் முதல் தரம்.

“எத்தனை வருஷம்?” என்றார் டாக்டர்.

“இருபத்தாறு.”

“மூக்குக்கு ஏதாவது கட்டுவீங்களா?”

“கட்டினா ஷீட்டு ஆயிருச்சான்னு வாசனை எப்பிடித் தெரியும்?”

இதைச் சொல்லும்போது நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆனாலும் அந்தப் புகைதான் காரணம் என்று அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். “அம்மே, முகாம்ல இதைச் சொல்லியிருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். “இல்ல. எங்க காகிதத்துல அதைக் கேக்கற இடமே இல்ல. தப்பு உங்க மேல மட்டும் இல்ல,” என்றார்.

அறுவை சிகிச்சை சென்னையில் நடந்தது. நுரையீரல் மடல் மடலாக இருக்குமாம். இடது பக்கத்துக் கீழ் மடலை முழுசாக எடுத்தார்கள். கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் தரையில் இருந்த பாட்டிலுக்குப் போனது. உள்ளே தேங்கும் நீரும் காற்றும் அது வழியாக வெளியேறும். நான் மூச்சு விட்டால் பாட்டிலில் குமிழி வரும். குமிழி நின்றால் நல்ல சேதி என்றார்கள். படுத்தபடி குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தை மேலே ஏற்றச் சொன்னார்கள். சுருங்கிய நுரையீரலை விரியவைக்கும் பயிற்சி அது. முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. “உட்டோ, மா, உட்டோ,” எழும்பு எழும்பு என்று ரூப்பா பந்திடம் சொல்கிறாளா என்னிடம் சொல்கிறாளா என்று தெரியாது. எட்டாம் நாள் இரண்டு பந்து ஏறியது. வார்டே பார்க்கும்படி கை தட்டினாள்.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். அந்த வார்டில் மருந்து நெடி மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு, பச்சை விறகுப் புகையின் வாசனையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் வந்துவிடும். வந்ததும் பயம் கொஞ்சம் தணியும். என்னை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டதும் அந்தப் புகைதான் என்று அறிவுக்குத் தெரிகிறது. நெஞ்சு அதைத் தேடுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திரும்பி வந்து நான்கு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, சாப்பாடு கசந்தது, இரண்டும் சரியாகிவிட்டன. மருந்து ஏறும் நேரத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் டாக்டர் பக்கத்தில் வந்து நின்றபோது கேட்டேன். “என்னோட நின்ன மத்தவளுக எல்லாம்?”

“எத்தனை பேர் இருக்காங்க?”

மனதுக்குள் புகைவீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனேன். முதல் கழியில் நின்றவள், இரண்டாம் கழி, சுவர் ஓரம், விறகுப் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக நின்று பெயர் சொன்னேன். ரூப்பா எழுதினாள். இருபது பேர் நின்ற இடத்தில் என்னைத் தவிர ஆறு பேர் மிச்சம். செத்தவர்களில் நான்கு பேர் இருமி இருமிப் போனவர்கள். காசம் என்று சொல்லிக்கொண்டோம். எந்த எந்திரம் பார்த்தது?

டாக்டர் மேலே உள்ளவர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, அடுத்த முகாமின் காகிதத்தில், பீடி கேட்கிற கேள்விக்குக் கீழே தொழிலில் புகை பட்டதுண்டா என்று ஒரு வரி சேர்த்தார்கள். கச்சால் பெண்களுக்கு ஒரு திங்கட்கிழமை ஸ்கேன் என்று தேதியும் வந்தது. தனபாலன் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில் வேலை செய்கிறவன். தேதியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். “அம்மா, கச்சால் கப்பல் வியாழக்கிழமைதான் வந்து சேரும். திங்கக்கிழமைக்கு இவங்க நீந்தியா வருவாங்க?” டாக்டரிடம் போய்க் கப்பல் அட்டவணையைக் காட்டினோம். தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொடுத்தார்.

இனி பாக்கியம் வர வேண்டும். ஆறு பேரில் அதிகமாக இருமுகிறவள் அவள்தான். அவள் வந்தால் மற்றவர்கள் வருவார்கள். போன் போட்டேன்.

“என்னால ஏலாது முத்தக்கா. ஒரு பகலும் ராத்திரியும் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு வரணும். எனக்கு என்னா கேடு?”

“இருமல் இங்க வரைக்கும் கேக்குது.”

“நீ ஒருத்தி வெட்டிக்கிட்டா ஊரே வெட்டிக்கணுமா? பீடிக்காரன் வரிசையில நான் நிக்க மாட்டேன். நான் சர்க்கார்ல வேலை பாத்தவ.”

“அதத்தாண்டி நானும் சொன்னேன். அதைச் சொல்லித்தான் ஸ்கேன் இல்லன்னு அனுப்பிட்டாங்க.”

  அவள் குரல் மாறி வந்தது.

“அந்தப் பொகையில நின்னுதான் நாலு புள்ளைய ஆளாக்கினேன். அது என்னைக் கெடுத்துச்சின்னு போயி எழுதிக் குடுக்கச் சொல்றியா? நம்ம வேலையக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.”

 அவள் சொன்னதும் என் நெஞ்சில் கிடந்ததும் ஒன்றுதான். யோசித்துத்தான் சொன்னேன்.

“குத்தம் சொல்ல வேணாம் பாக்கியம். வேலையச் சொல்லு. சர்க்காருன்னு சொன்னா நம்மள மேசையில உக்காந்தவங்கன்னு நெனைக்கிறாங்க. இருவது பேரு நின்னு ஷீட்டு திருப்பினோம்னு இவங்களுக்கு யாரு சொல்றது? நாமதானே சொல்லணும்.”

“ம்,” என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஜெட்டியில் நானும் ரூப்பாவும் நின்றோம். ஐந்து பேர் இறங்கினார்கள். பாக்கியம் கடைசியில், தலையில் கிழங்கு மூட்டையோடு. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“செத்துருவேன்னு பாத்தா கொழுத்துப் போய் நிக்கிறியே!”

“நீதான் கொக்கு மாதிரி ஆயிட்ட.”

ரூப்பா மூட்டையை வாங்கப் போனாள். “விடு புள்ள, எனக்கு ஏலும்,” என்று ஆட்டோ வரைக்கும் அவளே சுமந்தாள். நான்கு தடவை நின்று இருமினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அதே தெலுங்கு சிஸ்டர். என்ன வேலை என்ற கேள்வி வந்ததும் பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அரைகுறை ஹிந்தியில், கையை உயர்த்தி ஷீட் திருப்பிக் காட்டி, விறகு தள்ளிக் காட்டி, முழு வேலையையும் செய்தே காட்டினாள். வரிசையில் நின்ற மற்ற நான்கு பேரும், “ஏய், ரெண்டாவது கழிய விட்டுட்ட,” என்று பின்னாலிருந்து திருத்தினார்கள். சிஸ்டர் எழுதி முடிக்கப் பக்கம் போதவில்லை.

ஸ்கேனைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஊசி இல்லை. சாதாரண ஸ்கேனைவிடக் குறைவான கதிர்தான் உடம்பில் படும். மேசையில் படுத்தால் மேசையே ஒரு வளையத்துக்குள் போகும். மூச்சைப் பிடி என்பார்கள், விடு என்பார்கள், முடிந்தது.

ஐந்து பேரில் நான்கு பேருக்குப் புற்று இல்லை. பழைய புகையால் மூச்சுக்குழாய்கள் தடித்திருக்கின்றன என்று, மூச்சோடு இழுக்கிற மருந்து எழுதிக்கொடுத்தார்கள். பாக்கியத்தை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அவள் என்னையும் வரச் சொன்னாள். வலது பக்கம், கொண்டைக்கடலை அளவில் ஒரு புள்ளி. புற்றாகவும் இருக்கலாம், வெறும் தழும்பாகவும் இருக்கலாம், இப்போதைக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால், வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வளர்ந்திருந்தாலும் இந்த அளவில் பிடித்தால் முழுசாக எடுத்துவிட வழி உண்டு என்றார்.

“அடுத்த கப்பல் எப்ப?” என்றாள் பாக்கியம்.

“நீங்க கப்பல் ஏறக் கூடாது. ஸ்கேன் முடியற வரை இங்கயே இருங்க. காத்து மோசமானா அங்க கப்பல் வாரக்கணக்கில வராது, எனக்குத் தெரியும்,” என்றார் டாக்டர்.

“இங்க யாரு வீட்ல இருக்கிறதாம்?”

“மா வீட்ல. ஒரு ரூம் காலி பண்ணியாச்சு,” என்றாள் ரூப்பா, கதவுக்கு வெளியே இருந்து. அதை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள், அதுவே பெரிய விஷயம். திடீரென்று நிமிர்ந்தாள்.

“செல்லாயி ஏன் வரல்ல?”

ஆறாவது ஆள் செல்லாயி. நான் போன் போட்டபோது, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தாள்.

“காய்ச்சலுமில்ல ஒண்ணுமில்ல. பயந்தாங்கொள்ளி. போனக் குடு.”

கச்சாலில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மூன்றாம் தடவைதான் கிடைத்தது. பாக்கியம் எழுந்து, காற்று வரும் பக்கம் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

“அடியே செல்லாயி! நான் பாக்கியம். ஆமா, எனக்குப் புள்ளி இருக்குதாம். சின்னப் புள்ளிதான். சின்னதா இருக்கயில பாத்துட்டாங்க. அழுவாத, கேளு. ஏய், கேக்குதா?”

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து சிஸ்டர் வந்து, அம்மா, இது ஆஸ்பத்திரி, மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் என்றாள்.

“கொஞ்சம் பொறு மகளே,” என்றேன். “கப்பலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்றா.”